கால்பந்து நாயகர்கள் மறைந்தால் ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்?

கொரட்டூரில் தூக்கத்தைத் தியாகம் செய்து பிரீமியர் லீக் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். 2025 ஆகஸ்ட், ஆன்ஃபீல்டு மைதானம். ஆட்டத்தின் 20-வது நிமிடத்தில் அரங்கமே எழுந்து கைதட்டியது. ஏன் 20? கார் விபத்தில் இறந்த டியோகோ ஜோட்டாவின் ஜெர்சி எண் அது. லிவர்பூல் இனி அதை யாருக்கும் தராது.

நம்ம நாட்டிலும் இது உண்டு. 2004 ஃபெடரேஷன் கோப்பை இறுதிப்போட்டியில், பெங்களூரு மைதானத்திலேயே உயிரிழந்தார் கிறிஸ்டியானோ ஜூனியர். அவருடைய 10-ம் எண் ஜெர்சிக்கு டெம்போ கிளப் ஓய்வு கொடுத்தது.

ஆனால் கைதட்டவும் ஒரு கிளப் வேணும் இல்லையா? 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்தவர்கள் கேப்டன் சுனி கோஸ்வாமியும் பி.கே.பானர்ஜியும். இருவருமே 2020-ல், ஆறு வார இடைவெளியில் மறைந்தார்கள். கொரோனா காலம், மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. கடைசிவரை மோகன் பகானுக்கே ஆடிய சுனிக்கு 2023-ல் கிளப் வாசலில் அவர் பெயரிலேயே ஒரு நுழைவாயில் எழுந்தது. திறந்தவர் சுனில் கவாஸ்கர். பி.கே. ஆடியதோ ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு. 1958-ல் கல்கத்தா லீக்கை வென்ற அணிதான், ஆனால் ஆபீஸ் டீம். தலைமுறை தலைமுறையாகக் கொடி பிடிக்கும் ரசிகர் கூட்டம் அதற்குக் கிடையாது.

இது கொரட்டூருக்குப் புரியும். பக்கத்திலேயே ஐ.சி.எஃப். அணி இருக்கிறது. சென்னை லீக்கில் ரயில்வே, வங்கி அணிகளுக்கு ஆடி ஓய்வுபெற்றவர்கள் பலர். அவர்களில் ஒருவர் போனால் பழைய டீம்மேட்ஸ் மாலையோடு வருவார்கள், அவ்வளவுதான்.

பி.கே.வுக்கு வேறொன்று கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 23-ஐ, சிறுவர் கால்பந்துக்கான நாளாக அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அறிவித்தது.