குழு மேம்பாட்டு நடவடிக்கைகள்

குழு மேம்பாட்டு நடவடிக்கைகள் என்பவை, ஒரு பணியிடக் குழு தான் வேலை செய்யும் முறையைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்வதற்காகத் திட்டமிட்டு மேற்கொள்ளப்படும் செயல்களாகும். இவை நிறுவன மேம்பாட்டுத் துறையின் ஒரு பகுதி. திறமையானவர்கள் ஒன்றுசேர்ந்தாலே திறமையான குழு உருவாகிவிடுவதில்லை என்பது இவற்றின் அடிப்படைக் கருத்து.

நோக்கங்கள்

அமெரிக்க மேலாண்மை அறிஞர் ரிச்சர்டு பெக்கார்டு 1972இல் இவற்றின் நோக்கங்களை நான்காக வகுத்தார்:

• இலக்குகளையும் முன்னுரிமைகளையும் தீர்மானித்தல்
• வேலையையும் பொறுப்புகளையும் பகிர்தல்
• முடிவெடுத்தல், தகவல் பரிமாற்றம் போன்ற செயல்முறைகளை ஆராய்தல்
• உறுப்பினர்களிடையே உள்ள உறவுகளை ஆராய்தல்

இவற்றுள் எது முதன்மையானது என்று முன்கூட்டியே தெளிவுபடுத்தாவிட்டால் குழுவின் ஆற்றல் வீணாகும் என்றார் அவர். இருவருக்கிடையேயான பகையாகத் தோன்றுவது, உண்மையில் பொறுப்பு சரியாகப் பிரிக்கப்படாததன் விளைவாகவும் இருக்கலாம்.

செயல்முறை

நேர்காணல், வினாநிரல் மூலம் தகவல் திரட்டப்படுகிறது. அது குழுவின் முன்னிலையிலேயே வைக்கப்படுகிறது. குறைகளைக் கண்டறிவதும் தீர்வு வகுப்பதும் குழுவின் வேலை. வெளி ஆலோசகர் அதற்கு உதவுபவர் மட்டுமே. சில மாதங்களுக்குப் பின் முன்னேற்றம் மறுஆய்வு செய்யப்படுகிறது.

விமானத் துறையில்

1978 டிசம்பர் 28 அன்று, தரையிறங்கு சக்கரக் கோளாற்றில் விமானியின் கவனம் முழுவதும் சென்றதால், யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து போர்ட்லேண்டு நகரில் விழுந்தது. 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் குறிப்பிட்டிருந்தும், ஆபத்தை அழுத்தமாக உணர்த்தவில்லை என விசாரணை கூறியது. 1981இல் அந்நிறுவனம் விமானக் குழுவினருக்குக் கூட்டுச் செயல்பாட்டுப் பயிற்சியைத் தொடங்கியது. கீழ்நிலையில் இருப்பவர் தயங்காமல் எச்சரிப்பதும், தலைவர் அதைக் கேட்பதும் அதன் மையம். 1989இல் அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் கட்டுப்பாட்டுக் கருவிகள் செயலிழந்து சூ நகரில் தரைமோதியது. அதிலிருந்த 296 பேரில் 184 பேர் உயிர்தப்பினர். இதற்கு அப்பயிற்சியும் காரணம் என்றார் விமானி ஆல் ஹேன்ஸ்.

மருத்துவத் துறையில்

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் குழுவினர் அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதன் ஓர் அம்சம். புதுதில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது (2009).

வரம்புகள்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இத்தகைய பட்டியல்கள் நடைமுறைக்கு வந்த பின், 101 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு (2014) குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. நடைமுறைப்படுத்திய விதமே இதற்குக் காரணமா என்பது விவாதத்திற்குரியது. எனினும், படிவத்தில் குறியிடுவதும் குழு உண்மையில் பேசிக்கொள்வதும் ஒன்றல்ல. ஒருநாள் சுற்றுலாவுக்கும் விளையாட்டுக்கும் இது பொருந்தும். அவை நெருக்கத்தை வளர்க்கலாம், ஆனால் தெளிவற்ற இலக்கைத் தெளிவாக்குவதில்லை.