பேரம் பேசும் இடத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் இடம் வேண்டும்

வழக்கு என்றால் தவணை என்பதே எமது மக்களின் அனுபவம். ஒரு நாட் கூலியை இழந்து, பஸ் ஏறி நீதிமன்றம் சென்றால், இன்னொரு திகதியுடன் திரும்ப வேண்டியிருக்கிறது. இடம்பெயர்ந்து வாழ்வோருக்கு இச்சுமை இன்னும் பெரிது.

வழக்குகள் இழுபடுவதைக் குறைக்கப் பல நாடுகள் ஒரு வழியைக் கையாளுகின்றன. எதிரி தன் குற்றத்தை ஏற்றுக்கொள்வார். அதற்குப் பதிலாகத் தண்டனை குறைக்கப்படும். அல்லது பாரங்குறைந்த குற்றச்சாட்டு வைக்கப்படும். இதைக் குற்ற ஒப்புதல் பேரம் எனலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அரச தரப்பும் எதிரியும் மட்டும் பேசி முடித்துவிட்டால், அடிபட்டவரின் கதி என்ன? மாட்டையோ நீரிறைக்கும் இயந்திரத்தையோ பறிகொடுத்தவரின் கதி என்ன? வழக்கு முடிந்த செய்தியே அவருக்குத் தெரியாமற் போகலாம்.

இந்தியா காட்டும் வழி

இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய பேரத்தை முன்னர் கண்டித்து வந்தது. பின்னர் 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதற்கென ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தது. அது 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

அங்கே விண்ணப்பிக்க வேண்டியவர் எதிரியே. அவர் சுயவிருப்பத்துடன் வந்தாரா என்று நீதிபதி அவரைத் தனியே விசாரிப்பார். இது முக்கியமானது. சிறையிலிருந்து வெளியே வந்தாற் போதும் என்று, செய்யாத குற்றத்தை ஏற்கும் ஏழையும் இருக்கக்கூடும் அல்லவா?

அடுத்து நடைபெறும் கூட்டத்துக்குப் பாதிக்கப்பட்டவரும் அழைக்கப்படுவார். சில வழக்குகளில் அவர் தம் சட்டத்தரணியுடன் வரலாம். நட்டஈடும் வழக்குச் செலவும் அங்கே பேசப்படும். இணக்கம் ஏற்படாவிட்டால் வழக்கு வழமைபோல் தொடரும். ஏழு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும் இவ்வழி இல்லை.

எமது நாட்டில்

இலங்கையிலும் எதிரி பாரங்குறைந்த குற்றத்தை ஏற்பதும், அரச தரப்பு அதற்கு இணங்குவதும் உண்டு. அவ்வேளையில் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பது, குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டமாகும். முதலில் 2015இல் இயற்றப்பட்ட இச்சட்டத்தின் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. விசாரணையின் போக்கை அறியவும், சட்டத்தரணி மூலம் தோன்றவும், நட்டஈடு கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு. எதிரி குற்றவாளியெனக் காணப்பட்ட பின், தண்டனை தீர்மானிக்கப்படுமுன், அக்குற்றம் உங்கள் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று நீதிமன்றத்துக்குக் கூறவும் உரிமை உண்டு.

நாம் செய்யக்கூடியவை

1. முறைப்பாட்டு இலக்கத்தையும் வழக்கு இலக்கத்தையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

2. இடம் மாறினால் புதிய விலாசத்தைப் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றப் பதிவாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். பழைய விலாசத்துக்குப் போகும் அறிவித்தல் உங்கள் உரிமையையும் கொண்டுபோய்விடும்.

3. மருத்துவச் சிட்டை, பற்றுச்சீட்டு என்பவற்றைச் சேர்த்து வையுங்கள். நட்டஈடு கேட்கும்போது அவையே பேசும்.

4. வழக்கை முடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், உங்கள் கருத்தைக் கூற வேண்டுமென்று சட்டத்தரணி மூலம் உடனே தெரிவியுங்கள்.

வழக்கு விரைவில் முடிவது நல்லதே. ஆனால் இழந்தவரைக் கேளாமல் முடியும் வழக்கு, கோவையில் மட்டுமே முடிந்த வழக்காகும்.