மேமோகிராமில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா?

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். எதிரே அரசுப் பொது மருத்துவமனை, அதாவது ஜி.எச். அங்கேதான் 1934இல் தொடங்கிய பர்னார்டு கதிரியக்க நிலையம் இருக்கிறது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படம் எடுக்கும் வசதி எட்டாத தூரத்தில் இல்லை. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

பூஜ்யம் என்றால் நல்ல சேதியா?

'ஃபோக்கல் அசிமெட்ரி, பைராட்ஸ் 0' என்று எழுதியிருக்கும். பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தை மதிப்பிடும் எண் முறை. பூஜ்யத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பீரோவில் வைத்துவிடுபவர்கள் உண்டு. புற்றுநோயேதான் என்று இடிந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. இன்னும் படம் எடுத்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்பதே அதன் பொருள்.

இரண்டு மார்பகங்களும் அச்சில் வார்த்ததுபோல் யாருக்கும் இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் திசு அடர்ந்து வெள்ளையாகத் தெரிந்தால் அது அசிமெட்ரி. மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்று ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம் எடுப்பார்கள். ஒன்றில் மட்டும் தெரிந்து மற்றதில் காணாமல் போனால், பெரும்பாலும் சாதாரண திசு ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால் வந்த தோற்றம்தான்.

போன தடவை இல்லாமல் இப்போது புதிதாக வந்ததோ, முன்பைவிடப் பெரிதானதோதான் கவலைக்குரியது. 2007இல் வெளிவந்த ஒரு கலிஃபோர்னியா ஆய்வில், அறிகுறியின்றிப் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் இப்படிக் கண்டவற்றில் சுமார் 13 சதவீதம் புற்றுநோயாக இருந்தது. பழைய படம் இல்லாவிட்டால் இந்த வித்தியாசத்தை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

ஊசி போட்டுப் படம்

முதலில் அந்த இடத்தை மட்டும் அழுத்தி மறுபடம், அல்ட்ராசவுண்ட். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் கான்ட்ராஸ்ட் மேமோகிராம். கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவுவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். சுமார் இரண்டு நிமிடம் கழித்து, வழக்கம்போல் மார்பகத்தை அழுத்தி, இரு வேறு ஆற்றல் அளவுகளில் படம் பிடிப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சாதாரண திசு மறைந்து, அயோடின் தேங்கிய இடம் மட்டும் நிற்கும். புற்றுக்கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும், அவை கசியும். மருந்து அங்கே தேங்கி, கட்டி பளிச்சென்று தெரியும்.

வெறும் திசு அடர்த்தி என்றால் பெரும்பாலும் ஒளிராது. ஆனாலும் இது இறுதித் தீர்ப்பு அல்ல. தீங்கற்ற நார்க்கட்டியும் ஒளிரலாம். மிக ஆரம்ப நிலைப் புற்றுகள் சில ஒளிராமல் ஏமாற்றலாம். சுண்ணாம்புப் புள்ளிகள் சந்தேகமாக இருந்தால், ஒளிராவிட்டாலும் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவைப்படும். கான்ட்ராஸ்ட் மேமோகிராம் வசதி எல்லா ஊரிலும் இல்லை; இல்லாத இடத்தில் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும்.

கிளம்பும் முன்

சிறுநீரகக் கோளாறு, கான்ட்ராஸ்ட் ஊசியால் முன்பு வந்த அலர்ஜி, கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் சொல்வது நல்லது. கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். மார்பகத்தைத் தொடும்போது கட்டி தட்டுப்பட்டால், மேமோகிராம் நார்மல் என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

துறைமுகம், கம்பெனி என்று கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் சம்பளம். அந்த லீவு வீணாகாமல் இருக்க, பழைய படங்களை ரிப்போர்ட்டோடு பையில் எடுத்துப் போங்கள்.