கம்பெனிப் பணம் கேட்கப் போகும் கலைஞர்களுக்கு

அம்பத்தூர்ப் பகுதிக்குக் கம்பெனி உதவி புதிதல்ல. முருகப்பா குழுமத்தின் அறக்கட்டளை நடத்தும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை 1966 முதல் இங்கே இயங்கி வருகிறது. அந்தக் காலத்தில் எந்தச் சட்டமும் இப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்தவில்லை. இன்று சட்டம் வற்புறுத்துகிறது. அதன் உள்விவரம் தெரியாததால் நம் பகுதிக் கூத்துக் குழுக்களும் சிறு அறக்கட்டளைகளும் வாய்ப்பை இழக்கின்றன, சில நேரம் கைக்காசையும் இழக்கின்றன.

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவுதான் அடிப்படை. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 10 கோடி என்றால் 20 லட்சம் ரூபாய். இதைத்தான் சிஎஸ்ஆர் நிதி என்கிறோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் இந்த வரம்புக்குள் வராது. அவற்றிடம் போய் 2 சதவீதம் கேட்பது நியாயமில்லை.

பள்ளி, மருத்துவம், குடிநீருக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மரபுக் கலைகளும் கைவினைகளும் பொது நூலகங்களும் தெளிவாக இடம்பெற்றிருக்கின்றன. தெருக்கூத்தும் பம்பையும் கேட்கத் தகுதி உள்ளவையே.

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஆடித் திருவிழா மேடையில் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்டு, அதற்கு வாங்கும் பணம் விளம்பரச் செலவு. தன் பொருளுக்கு விளம்பரம் தேடும் ஸ்பான்சர்ஷிப்பைச் சமூகப் பணிக் கணக்கில் காட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஒருநாள் நிகழ்ச்சிகளும் கணக்கில் சேராது என்று 2014-இல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. ஆகவே ஒரு ராத்திரிக் கூத்துக்குக் கேட்காதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு கூத்துப் பயிற்சி, வாத்தியாருக்கு மாதச் சம்பளம், உடை, இசைக்கருவி என்று திட்டமாக எழுதிக் கேளுங்கள். விழாச் செலவுக்குத்தான் பணம் வேண்டுமென்றால் விளம்பரப் பிரிவை அணுகி, தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

தனிக் கலைஞர் கையில் சிஎஸ்ஆர் நிதியை நேரடியாகப் பெறுவது கடினம். கம்பெனி வெளி அமைப்பு மூலம் செலவிடும்போது, அந்த அமைப்பு பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். 12ஏ, 80ஜி வரிப் பதிவுகளும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு எண்ணும் கட்டாயம். நேற்று தொடங்கிய டிரஸ்டுக்கு இது கிடைக்காது. அனுபவமுள்ள அமைப்போடு சேருங்கள். சேரும்போதே ஆட்டக்காரருக்கு எவ்வளவு, மத்தளக்காரருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கலைஞர் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கி, கலைஞருக்கு வண்டிக்கூலி மட்டும் கொடுப்பது கொடுமை. அதைத் தடுக்க இந்த ஒரு தாளாவது கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது புரோக்கர்கள். "சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருகிறேன், முதலில் பிராசஸிங் கட்டணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்தத் திட்டத்துக்குப் பணம் என்பதைக் கம்பெனியின் இயக்குநர் குழுதான் முடிவு செய்கிறது; டெல்லியில் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்வது பொய். மீதிப் பணத்தைக் கம்பெனிகள் சிஎஸ்ஆரில் தரும் என்று சொல்லி, பாதி விலைக்கு ஸ்கூட்டர் தருவதாகக் கேரளத்தில் ஏராளமான பெண்களிடம் பணம் பறித்த மோசடி 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. காசோலையாகக் கொடுத்துவிட்டு ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் ஆட்களும் உண்டு. அதற்கு இணங்கினால் வழக்கில் சிக்குவது உங்கள் அமைப்பும்தான்.

ஏமாந்துவிட்டால் ஆவடி காவல் ஆணையரகத்தின் மத்திய குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். கம்பெனி தன் சிஎஸ்ஆர் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி, ஆண்டறிக்கையிலும் இருக்கும். உங்கள் ஊர்ப் பெயரில் செலவுக் கணக்கு இருந்து, ஊரில் வேலை எதுவும் நடக்கவில்லையென்றால், முதலில் கம்பெனிச் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள நிறுவனப் பதிவாளரிடம் புகார் கொடுங்கள். ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம் போன்ற பொதுத்துறைக் கம்பெனி என்றால் வழி இன்னும் எளிது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குத் தந்தே ஆக வேண்டும் என்று யாரும் வழக்குப் போட முடியாது. தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டம் சொன்னாலும், அது கட்டாயமல்ல என்று 2021-இல் அரசே விளக்கிவிட்டது. ஆனால் தொடர்திட்டம் எதற்கும் ஒதுக்காமல், செலவிடாமல் மிஞ்சும் பணம், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற மத்திய நிதிகளுக்குப் போய்விடும். எனவே ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். பொங்கல் முடிந்த கையோடு திட்டத்தை எழுதி, பதிவுச் சான்றுகளின் நகலை இணைத்து, பக்கத்துக் கம்பெனியில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.