விறகு வெட்டப் போன சகோதரர்களும் 31 கமாண்டோக்களும்: கொரியாவில் தீராத பயிற்சி எதற்கு?

1968 ஜனவரி. சியோலுக்கு வடக்கே ஒரு மலையில் விறகு வெட்டப் போன நான்கு சகோதரர்கள், துப்பாக்கியோடு ஒரு கூட்டத்திடம் மாட்டிக்கொண்டார்கள். வந்தவர்கள் வட கொரியாவின் 124-வது பிரிவைச் சேர்ந்த 31 கமாண்டோக்கள். தென் கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீயைக் கொல்ல எல்லை தாண்டி வந்தவர்கள். இந்த நால்வரையும் கொல்வதா, விடுவதா என்று தங்களுக்குள் பேசி, கடைசியில் "போலீஸிடம் போகக்கூடாது" என்று மிரட்டி விட்டுவிட்டார்கள். சகோதரர்கள் நேராகப் போனது போலீஸிடம்தான்.

தகவல் கிடைத்து, ஊரெல்லாம் ராணுவத்தை இறக்கித் தேடியும் பயனில்லை. ஜனவரி 21 இரவு, அந்த 31 பேரும் தென் கொரிய ராணுவ உடையில், அதிபரின் நீல மாளிகைக்குச் சில நூறு மீட்டர் தூரம் வரை நடந்தே வந்துவிட்டார்கள். சந்தேகப்பட்டு நிறுத்தி விசாரித்த போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு பல நாள் வேட்டை. 29 பேர் செத்தார்கள், ஒருவர் வடக்குக்கே தப்பிவிட்டார், கிம் ஷின்-ஜோ மட்டும் உயிரோடு பிடிபட்டார். அவர் பிற்காலத்தில் தென் கொரியாவிலேயே பாதிரியார் ஆகி, 2025 ஏப்ரலில் காலமானார். அது தனிக் கதை.

அந்த ஒரு இரவு தென் கொரியாவின் அன்றாடத்தையே மாற்றியது. உள்ளூர்க் காவலுக்கென்று அந்த ஆண்டே லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து ரிசர்வ் படை அமைத்தார்கள். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நம்ம ஆதார் மாதிரி இன்றைக்கு அங்கே வங்கி முதல் மருத்துவமனை வரை கேட்கிற அந்த எண், ஒற்றர்களை அடையாளம் காண ஆரம்பித்த ஏற்பாடு!

சண்டை முடியலையா?

முடியவில்லை. 1950-ல் தொடங்கிய கொரியப் போர் 1953 ஜூலை 27-ல் நின்றது. கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. நடுவில் சுமார் 250 கி.மீ. நீளத்துக்கு 4 கி.மீ. அகலமுள்ள ராணுவமற்ற பகுதி. அங்கிருந்து சியோல் சுமார் 50 கி.மீ. தூரம், செங்கல்பட்டிலிருந்து சென்னை வருகிற மாதிரி. அந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும்தான் நாட்டு மக்களில் பாதிப்பேர் வாழ்கிறார்கள்.

வட கொரியாவிடம் அணுகுண்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அதன் சிறப்புப் படை. தென் கொரிய பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கில் அதில் சுமார் 2 லட்சம் பேர். அத்தனை பேரும் ஹாலிவுட் ரக கமாண்டோக்கள் இல்லை, லேசான ஆயுதங்களோடு வேகமாக நகரும் காலாட்படையும் இதில் சேர்த்தி. அவர்களுடைய வேலை எல்லையில் மோதுவது இல்லை. எல்லையைத் தாண்டி, விமானத்தளம், துறைமுகம், தலைமையகம் என்று முதுகுப் பக்கம் அடிப்பது.

எப்படி வருவார்கள்? தரைக்கு அடியில் வரலாம்: 1974 முதல் 1990 வரை எல்லைக்குக் கீழே நான்கு சுரங்கப்பாதைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று இப்போது சுற்றுலாத் தலம். வானத்தில் வரலாம்: 1940களில் வடிவமைத்த ஆன்டோனோவ் ஆன்-2 என்ற இரட்டை இறக்கை விமானத்தை வட கொரியா இன்னும் வைத்திருக்கிறது. மியூசியத்தில் இருக்க வேண்டிய வண்டிதான். ஆனால் தாழ்வாக, மெதுவாகப் பறப்பதால் ரேடாருக்கு அதைப் பிடிப்பது சிரமம். கடலில் வந்ததைப் பார்த்தே விட்டார்கள். 1996 செப்டம்பரில் காங்னுங் கடற்கரையில் ஒரு வட கொரிய நீர்மூழ்கி தரைதட்டி நின்றது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது கடற்படை இல்லை, அந்த வழியாக வந்த ஒரு டாக்ஸி டிரைவர்! உள்ளே வந்த 26 பேருக்காக 49 நாள் தேடுதல். ஒருவர் பிடிபட்டார், ஒருவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை, மற்றவர்கள் இறந்தார்கள்.

விறகு வெட்டி, டாக்ஸி டிரைவர் என்று ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டத்தை நம்ப முடியுமா?

அமெரிக்கா எங்கே வருகிறது?

தென் கொரியாவில் சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். அதில் சிறப்புப் படையினர் சொற்பம். போர் வந்தால் ஜப்பானின் ஒகினாவாவிலிருந்தும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்தும் கிரீன் பெரே வீரர்கள் வந்து சேர வேண்டும். அதுவரை காத்திருக்காமல், ஒரு சிறிய அமெரிக்கக் குழு பல பத்தாண்டுகளாகத் தென் கொரிய கமாண்டோ பிரிவுகளோடேயே இருந்து வேலை பார்க்கிறது. காரணம் எளிது: ராத்திரி இரண்டு மணிக்கு வயர்லெஸ்ஸில் விமானத்தைக் கூப்பிட்டு "இந்த இடத்தில் அடி, அந்த இடத்தில் நம்ம ஆள் இருக்கான்" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மொழி தடுமாறினால் செத்துப்போவது சொந்த ஆள்.

1990கள் முதல் நடக்கிற 'டீக் நைஃப்' பயிற்சியில் இதைத்தான் ஒத்திகை பார்க்கிறார்கள். எதிரி பகுதிக்குள் ஊடுருவுவது, இலக்கைக் கைப்பற்றுவது, விமானத் தாக்குதலுக்கு வழிகாட்டுவது. 2023-ல் ஏசி-130ஜே என்ற பீரங்கி பொருத்திய பெரிய விமானத்தை இதற்காக முதல்முறையாகக் கொரியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

தற்காப்பு என்று சொல்லிவிட்டு எதிரி பகுதிக்குள் ஏன் போகணும்? வட கொரியா கேட்பதும் இதைத்தான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2017 டிசம்பரில் தென் கொரியா சுமார் 1,000 பேர் கொண்ட ஒரு சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. போர் வந்தால் வட கொரியத் தலைமையையே தூக்குவது அதன் வேலை. அங்கே பத்திரிகைகள் வைத்த பெயர் 'தலை சீவும் படை'. அணுகுண்டு பொத்தானில் கை வைக்க ஒருவரைத் தயங்க வைப்பதுதான் நோக்கம் என்பது தெற்கின் வாதம். தன் தலைக்குக் குறி என்று தெரிந்தவர் நிதானமாக யோசிப்பாரா, அவசரப்படுவாரா? எனக்கென்னவோ இரண்டாவது பயம்தான் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கிடையே வடக்கும் சும்மா இல்லை. 2024 இலையுதிர் காலத்தில் தன் சிறப்புப் படையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்கு உக்ரைனோடு சண்டைபோட அனுப்பியது. இழப்பு கடுமை. ஆனால் உயிரோடு திரும்புகிறவர்கள் ட்ரோன் யுத்தத்தை நேரில் பார்த்தவர்கள்.

படை யார் சொல் கேட்கும்?

அதே 2024 டிசம்பர் 3 இரவு, தென் கொரியாவின் மிகக் கூர்மையான 707-வது சிறப்புப் பிரிவு ஹெலிகாப்டரில் கிளம்பியது. வடக்கே இல்லை. சொந்த நாடாளுமன்றத்துக்கு. அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தை அறிவித்திருந்தார். கமாண்டோக்கள் ஜன்னலை உடைத்து உள்ளே போக, எம்.பி.க்களின் உதவியாளர்கள் மேஜை நாற்காலியை அடுக்கி, தீயணைப்பான் அடித்துத் தடுத்தார்கள். உள்ளே இருந்த 190 எம்.பி.க்களும் ஒருமனதாக அதை எதிர்த்து வாக்களித்தார்கள். சுமார் ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எம்.பி.க்களை வெளியே இழுக்க உத்தரவு வந்தது, நிறைவேற்றவில்லை என்று சிறப்புப் படைத் தளபதி குவாக் ஜோங்-குன் பின்னர் சொன்னார்.

1980 மே மாதம் குவாங்ஜுவில் ஜனநாயகம் கேட்ட சொந்த மக்கள் மீது பாய்ந்ததும் இதே சிறப்புப் படையின் பாராசூட் வீரர்கள்தான். அந்தப் பழைய காயம் தெரிந்த தலைமுறை, அன்று இரவு தெருவில் இறங்கி நின்றது.

கூட்டாளிக்குத் தெரியுமா? முன்கூட்டியே சொல்லவில்லை என்றது அமெரிக்கா. போர்க்காலத்தில்தான் கூட்டுப் படைக்கு அமெரிக்க ஜெனரல் தலைவர். அமைதிக் கால அதிகாரம் 1994 முதல் தென் கொரியாவின் கையில். ஆகவே அன்றைய ஹெலிகாப்டர்கள் கிளம்ப எந்த அமெரிக்கரின் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

அந்த வாரம் இரு நாடுகளின் சில கூட்டங்கள் தள்ளிப்போயின. மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச்சில், 'ஃப்ரீடம் ஷீல்டு' கூட்டுப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. இந்த முறை, உக்ரைன் போரிலிருந்து கற்ற பாடங்களையும் ஒத்திகையில் சேர்த்துக்கொண்டார்கள்.