பனிக்காலத்தில் பாத வெடிப்பு

உதகையின் குளிர் சிலருக்குக் கால்விரல்களைச் சிவந்து வீங்கச் செய்யும். பந்தல்குடிக் கரிசலில் அத்துணைக் குளிர் இல்லை. ஆயினும் மார்கழி, தை மாதங்களில் குதிகால் வெடிக்கிறது. இதனைப் 'பித்தவெடிப்பு' என்பர். பித்தத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உள்ளங்கால் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையா. வெறுங்காலுடன் உழைத்துத் தடித்த தோல், ஈரம் வற்றியதும் உடற்பாரம் தாங்காது, வறண்ட கண்மாய்த் தரைபோலப் பிளக்கிறது.

இரவில் வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் பாதங்களை ஊறவைத்துத் துடைத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுக. பிளேடால் சீவுவதும் எருக்கம்பால் விடுவதும் கூடா. காட்டு வேலைக்குக் குதிகால் மூடிய செருப்பே நலம்.

நீரிழிவுடையோர் நிலை வேறு. பாதம் மரத்தவருக்கு வலியும் தெரியாது, வெந்நீரின் சூடும் தெரியாது. ஆதலின் ஊறவைத்தல் வேண்டாம். வெடிப்பு புண்ணாகிக் காலையே இழக்க நேரிடலாம். அவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குருதியோ சீழோ கசிந்தால், ஊராட்சி உறுப்பினர்கள் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைப்பார்களாக.