கொலிஸ்டின் தடைக்குப் பின் வெண்பன்றிகளில் குடல் பாக்டீரியா நோய் மேலாண்மை: திருவண்ணாமலைச் சூழலை முன்வைத்து

முன்னுரை

தமிழகத்தில் வெண்பன்றி வளர்ப்போர் பலர் நகர உணவகக் கழிவையே செலவு குறைந்த தீவனமாகக் கொள்கின்றனர். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் முழுநிலவுதோறும் மக்கள் திரளும் திருவண்ணாமலை போன்ற நகரில் இக்கழிவின் அளவு நாளுக்கு நாள் மாறுவது இயல்பு. தீவன மாற்றம் குடல் நோய்களுக்கு வழிகோலுவதால், அவற்றைப் பராமரிப்பால் தடுக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

மருந்தின் எல்லை

ஈ.கோலைக் கழிச்சலுக்குக் கொலிஸ்டின் பல நாடுகளில் நெடுங்காலம் பயன்பட்டது. 2015இல், சீனாவில் பன்றிகளிடமிருந்து பெறப்பட்ட ஈ.கோலையில் எம்சிஆர்-1 என்னும் எதிர்ப்பு மரபணு கண்டறியப்பட்டது. அது பிளாஸ்மிட் வழியாகப் பிற பாக்டீரியாக்களுக்கும் பரவ வல்லது. மனிதர்க்கு இறுதிநிலை மருந்தாக விளங்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்தும் பொருட்டுத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது.

குட்டிப் பருவம்

தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியே குட்டியை அடைவதில்லை. சீம்பாலே அவற்றை வழங்குகிறது. அவற்றை ஈர்க்கும் குடலின் திறன் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மறைகிறது. எனவே, சினைப்பன்றிக்கு ஈனுவதற்குமுன் இடப்படும் தடுப்பூசியின் பயனும் குட்டி உரிய நேரத்தில் சீம்பால் அருந்துவதைப் பொறுத்ததே. குளிரால் சோர்ந்த குட்டி போதிய பால் அருந்தாதாகையால் வெப்பமும் உலர்ந்த தரையும் இன்றியமையாதன. பால்மறக்கும் காலத்தில் தாய்ப்பாலின் பாதுகாப்பு நீங்குவதோடு குடலுறிஞ்சிகளும் குறுகுகின்றன; அப்போது ஈ.கோலை எளிதில் பெருகும். ஆகவே, குட்டித் தீவனத்தை முன்னரே சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

உணவகக் கழிவு

கொதிக்கவைத்தல் சால்மொனெல்லாவை அழிக்கும். கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகளோ கொதிநிலையிலும் எஞ்சக்கூடும். கழிவு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். ஆதலால் கொதிக்கவைத்த கழிவை விரைந்து ஆற்றி அன்றே வழங்குதல் வேண்டும். மிகுதியாகக் கிடைக்கும் நாளில் அதைத் தேக்கிவைத்தலும் அளவை மீறி ஊட்டுதலும் தவிர்க்கத்தக்கன. கழிவு குறையும் நாளில் அடர்தீவனத்தால் ஈடுசெய்யலாம்.

முடிவுரை

கழிச்சல் கண்ட குட்டிக்கு முதலில் நீரும் உப்பும் ஈடுசெய்யப்பட வேண்டும். ஆய்வக உணர்திறன் சோதனைக்குப் பின்னரே மருந்தைத் தேர்தல் தகும். ஒரு தொகுதியை முழுமையாக அகற்றி, கொட்டிலைக் கழுவி உலர்த்திய பின் அடுத்த தொகுதியை விடுவது நோய்த்தொடரை முறிக்கும். இம்முறைகள் பண்ணையின் இழப்பைக் குறைப்பதோடு, மனித மருத்துவத்திற்குரிய மருந்தின் ஆற்றலையும் காக்கின்றன.